நிலவியல் பட்டம்: கட்டண அட்டவணையில் வராத கணக்கு

மலேசிய அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் இடம் கேட்கும் பொது விண்ணப்பமான யூபியூ திறந்ததும் வீட்டில் எழும் முதல் கேள்வி, "ஃபீஸ் எவ்வளவு?" நிலவியலைப் பொறுத்தவரை இதற்குப் பதில் சீக்கிரம் கிடைத்துவிடும், கிடைத்த பிறகு பெரிதாக உதவாது. வழக்கமான யூபியூ வழியில் நுழையும் மலேசிய மாணவருக்குக் கட்டணத்தின் பெரும்பகுதியை அரசாங்கமே ஏற்றுக்கொள்கிறது. எந்த அரசாங்கப் பல்கலைக்கழகமானாலும் முழுப் படிப்புக்கும் பத்தாயிரம் வெள்ளியை (ரிங்கிட்) ஒட்டித்தான் வரும். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் இடைவெளி சில ஆயிரம், அவ்வளவுதான்.

இன்னொரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. பட்டம் ஆறு மாதம் தள்ளிப்போனால் கைவிட்டுப் போகும் சம்பளம், மிகக் குறைவாக வைத்தாலும், 10,200 வெள்ளி. முழுப் படிப்புக்கும் கட்டும் கட்டணத்தை ஒரே ஒரு செமஸ்டர் தாமதம் விழுங்கிவிடுகிறது. நிலவியலில் இப்படித் தள்ளிப்போவதற்கான வழிகள் மற்ற அறிவியல் பாடங்களைவிட அதிகம். அதனால் பல்கலைக்கழகங்களை ஒப்பிடும்போது ஆராய வேண்டியது கட்டண வரியை அல்ல. நேரத்துக்குள் முடிக்க வைக்கிறார்களா, எத்தனை நாள் பாறை மேல் நிற்க வைக்கிறார்கள், கடைசியில் கிடைக்கும் பட்டத்தை வைத்து அறிக்கையில் கையெழுத்துப் போடும் நிலைக்கு வர முடியுமா என்பதைத்தான்.

எங்கே, எந்தப் பெயரில்

நாட்டின் மிகப் பழைய நிலவியல் துறை தலைநகரில், மலாயாப் பல்கலைக்கழகத்தில், 1950களிலிருந்து இருக்கிறது. பாங்கியில் தேசியப் பல்கலைக்கழகம். போர்னியோ பக்கம் கோத்தா கினபாலுவில் மலேசிய சபா பல்கலைக்கழகம். கிளந்தான் பல்கலைக்கழகம் ஜெலி வளாகத்தில் புவி அறிவியல் என்ற பெயரில், பயன்முறை அறிவியல் பட்டமாக நடத்துகிறது.

பினாங்குக் குடும்பங்கள் இந்த இடத்தில் அடிக்கடி குழம்புகின்றன. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகமான யூஎஸ்எம் பக்கத்திலேயே இருக்கிறது, கல், மண் சம்பந்தமான படிப்பும் இருக்கிறது, பிறகு ஏன் பிள்ளையைத் தூர அனுப்ப வேண்டும்? யூஎஸ்எம்மில் இருப்பவை இரண்டு, இரண்டும் நிலவியலுக்கு அண்டை வீடுகள். தீவில் உள்ள முதன்மை வளாகத்தில் இயற்பியல் பள்ளியின் கீழ் புவி இயற்பியல். நிபோங் திபால் பொறியியல் வளாகத்தில் கனிம வளப் பொறியியல். புவி இயற்பியல் படித்தவர் நிலத்துக்குள் மின்சாரத்தையோ அதிர்வையோ செலுத்தி, திரும்பி வரும் அளவீட்டிலிருந்து அடியில் என்ன இருக்கிறது என்று கணிப்பார். அதற்குக் கணக்கும் இயற்பியலும் நன்றாக வர வேண்டும். கனிம வளப் பொறியியல் படித்தவர் கல்லுடைப்பு, வெடிவைப்பு, தாதுவைப் பிரித்தெடுப்பது என்று போவார். அவருக்குப் பதிவு பொறியியலாளர் வாரியத்தில். நிலவியலாளருக்கு வாரியமும் வேறு, சட்டமும் வேறு. மூன்றும் ஒரே மலையைப் பார்க்கும் வேலைகள்தான். ஆனால் பட்டம் வாங்கிய பிறகு ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவது எளிதல்ல. வீட்டுக்குப் பக்கம் என்பதற்காக மட்டும் தேர்ந்தெடுத்தால் இது மூன்றாம் ஆண்டில்தான் உறைக்கும்.

பணம் உண்மையில் எங்கே போகிறது

சாப்பாடு, விடுதி, கைச்செலவு எல்லாம் சேர்த்து மாதம் 700 வெள்ளி, ஆண்டுக்கு ஒன்பது மாதம் என்று வைத்துக்கொள்வோம். நான்கு ஆண்டில் 25,200. கட்டணத்தைப்போல் இரண்டரை மடங்கு. கோத்தா கினபாலு என்றால் விமான டிக்கெட்டும் சேரும்: ஆண்டுக்கு மூன்று முறை வந்து போக, ஒவ்வொரு முறையும் 500 வெள்ளி என்று எடுத்தால் நான்கு ஆண்டில் 6,000. தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்னால் டிக்கெட் தேடுபவருக்கு 500 போதாது என்பது வேறு. பினாங்கிலிருந்து ஜெலி போகிறவர் கிரிக் வழியாகக் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் போய்விடலாம்; தலைநகரைச் சுற்றிப் போகத் தேவையில்லை. செந்தூலிலோ பிரிக்பீல்ட்ஸிலோ இருப்பவர் வீட்டிலிருந்தே மலாயாப் பல்கலைக்கழகம் போய் வரலாம், பாங்கிக்கும் கேடிஎம் ரயில் உண்டு. அப்படிச் செய்தால் பெரிய தொகை மிச்சமாகும். ஆனால் களப்பணிக்குப் போகும் பஸ் பெரும்பாலும் விடியற்காலையில் வளாகத்திலிருந்துதான் புறப்படும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

அரசாங்கத்தின் உயர்கல்விக் கடனான பிடிபிடிஎன்னில் சேவைக் கட்டணம் ஆண்டுக்கு 1 விழுக்காடு, அதுவும் முதலில் வாங்கிய முழுத் தொகையின் மேல். 24,000 வெள்ளி வாங்கி 15 ஆண்டுத் தவணையில் கட்டினால், 3,600 கூடுதலாகச் சேர்ந்து 27,600. மாதம் சுமார் 153 வெள்ளி. முதல் வகுப்பில் தேறியவர்களுக்குக் கடனைத் திருப்பிக் கட்டுவதிலிருந்து விலக்கு அளிக்கும் திட்டம் உண்டு. அதன் நிபந்தனைகள் அவ்வப்போது மாறுகின்றன. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் ஆண்டின் நிபந்தனையைப் படித்துக்கொள்ளுங்கள்.

ஒரு பல்கலைக்கழகத்துக்குள்ளேயே இரண்டு விலை இருக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. சில இடங்களில் யூபியூவுக்கு வெளியே, அரசாங்க மானியம் இல்லாமல் நேரடியாக விண்ணப்பிக்கும் தனி வழி திறந்திருக்கிறது. வகுப்பு அதே, விரிவுரையாளர் அதே, பட்டமும் அதே. கட்டணம் மட்டும் பல மடங்கு. "இடம் கிடைத்துவிட்டது" என்று குறுஞ்செய்தி வந்ததும், எந்த வழியில் வந்தது என்று முதலில் பார்க்க வேண்டும்.

சாமான் செலவு பற்றிக் கொஞ்சம். இதில் தேவையில்லாத இடத்தில் பணம் போவதும், தேவையான இடத்தில் மிச்சம் பிடிப்பதும் வழக்கம். முதல் ஆண்டிலேயே வாங்க வேண்டியவை மூன்று: தலையும் கைப்பிடியும் ஒரே எஃகில் அடித்த நிலவியல் சுத்தியல், பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், கணுக்காலை மூடும் சப்பாத்து. தச்சர் சுத்தியலை எடுத்துக்கொண்டு போகக் கூடாது. அதன் முகம் ஆணிக்காகக் கடினப்படுத்தப்பட்டது. கருங்கல்லில் அடித்தால் சில்லு தெறித்துக் கண்ணில் பாயும். ஒரு சுத்தியலை இன்னொரு சுத்தியலால் அடிப்பதும் அதே ஆபத்து. சுண்ணாம்புக்கல்லைச் சோதிக்கும் நீர்த்த அமிலம் துறையிலேயே கிடைக்கும்.

வாங்கக் கூடாதது திசைகாட்டி. பிரண்டன் போன்ற நல்ல கருவி ஆயிரம் வெள்ளியைத் தாண்டும், துறையில் இரவல் தருவார்கள். மலிவாகக் கிடைக்கிறதே என்று இணையத்தில் பழையதை வாங்கியவர்கள் படும் பாடு தனி. அமெரிக்காவுக்கோ ஐரோப்பாவுக்கோ சமன் செய்த முள், நம் நிலநடுக்கோட்டுப் பகுதியில் ஒரு பக்கம் சாய்ந்து கண்ணாடியைத் தொட்டு நின்றுவிடும். காரணம் எளிது: பூமியின் காந்தக் கோடுகள் அங்கே மிகவும் சாய்ந்து நிலத்துக்குள் இறங்குகின்றன, இங்கே ஏறக்குறைய கிடையாகப் போகின்றன. அங்கே முள்ளைச் சமநிலையில் வைக்கச் சுற்றிய செம்புக் கம்பி இங்கே வீண் பாரம். கம்பியை நகர்த்தினால் சரியாகிவிடும், ஆனால் கருவியைத் திறக்கத் தெரிய வேண்டும்.

பாறை மேல் நிற்கும் நாட்கள்

இங்கேதான் பல்கலைக்கழகங்கள் உண்மையில் வேறுபடுகின்றன.

தலைநகர மாணவருக்குப் பத்துமலையே பாடப்புத்தகம்: 40 கோடி ஆண்டுக்கு மேற்பட்ட சுண்ணாம்புக்கல், நீர் அரித்த குகைகள். நகரத்தின் பெரும்பகுதிக்கு அடியில் இருப்பதும் இதே கல்தான். இரட்டைக் கோபுரத்தை முதலில் குறித்த இடத்திலிருந்து ஏறக்குறைய 60 மீட்டர் நகர்த்த வைத்ததும் இதுதான். கோபுரத்தின் ஒரு பகுதி சுண்ணாம்புக்கல் விளிம்பில் உட்காரும் நிலை இருந்தது. புக்கிட் தாபூரின் படிகக்கல் (குவார்ட்ஸ்) முகடும் பஸ் தூரத்தில் இருக்கிறது. 2007இல் தென்கிழக்காசியாவின் முதல் புவிப்பூங்காவாக அறிவிக்கப்பட்ட லங்காவி, மேற்குக் கரை மாணவர்களுக்குப் பழகிய களம். மச்சிஞ்சாங்கின் மணற்கல்லில் தொடங்கி, சுண்ணாம்புக்கல், பனிக்கட்டி சுமந்து வந்து கடலில் போட்ட கற்கள் பதிந்த சேற்றுப்பாறை, குனுங் ராயாவின் கருங்கல் என்று ஒரே தீவில் முப்பது கோடி ஆண்டு வரலாறு கிடைக்கும். சபாவில் கினபாலுவின் கருங்கல்லுக்கு வயது 70 - 80 லட்சம் ஆண்டுதான்; பாறைக் கணக்கில் கைக்குழந்தை. அங்கே மலைச்சாலை வெட்டுகளில் பாறை பளிச்சென்று தெரியும், மண்சரிவுகளும் கண்முன்னே நடக்கும். ஜெலியைச் சுற்றியுள்ள பகுதி தங்கம் கிடைக்கும் மண்டலம். சுரங்க வேலையை நினைப்பவருக்கு நல்ல இடம்.

இறுதியாண்டில் மாணவருக்குப் பொதுவாக ஐந்து கிலோமீட்டர் நீளம், ஐந்து கிலோமீட்டர் அகலம் உள்ள ஒரு சதுரத்தைக் கொடுத்து, அதன் நிலவியல் வரைபடத்தைத் தனியாகப் போட்டு வரச் சொல்வார்கள். பெரும்பாலான தாமதம் இதில்தான் தொடங்குகிறது. நம் வெயிலிலும் மழையிலும் பாறை பத்து, இருபது மீட்டர் ஆழத்துக்கு மண்ணாகிவிடுகிறது. உண்மையான பாறை கண்ணில் படுவது ஆற்றுப் படுகையிலும், சாலை வெட்டிலும், கல்லுடைப்புத் தளத்திலும் மட்டுமே. கிழக்குக் கரைச் சதுரம் வாங்கியவர் நவம்பரில் போனால் ஆறு நிரம்பி ஓடும். ஒரு கல்லையும் தொட முடியாது. தோட்ட நிர்வாகம், வன இலாகா, கல்லுடைப்புத் தள உரிமையாளர் ஆகிய மூவரிடமும் அனுமதிக் கடிதம் வாங்கவே வாரக்கணக்கில் ஆகும். இந்தக் கடிதங்களைத் துறை முன்கூட்டியே தயாரிக்கிறதா, மாணவர் தலையில் விடுகிறதா என்பது ஒரு செமஸ்டரைக் காப்பாற்றும் வேறுபாடு.

அடுத்த நெரிசல், மெல்லிய சீவல். கல்லை வெட்டிக் கண்ணாடியில் ஒட்டி, நுண்ணோக்கியில் ஒளி ஊடுருவும்படி 0.03 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்க்க வேண்டும். சரியாக வந்துவிட்டதா என்று பார்க்க முனைவாக்க ஒளியில் படிகக்கல் மணிகளைப் பார்ப்பார்கள். சாம்பலோ வெள்ளையோ தெரிந்தால் சரி. மஞ்சள் தட்டினால் இன்னும் தடிப்பு. கொஞ்சம் அதிகமாகத் தேய்த்துவிட்டால் கல்லே காணாமல் போய்க் கண்ணாடிதான் மிஞ்சும், மறுபடி முதலிலிருந்து. ஒரு வகுப்பே ஒரே மாதத்தில் இரண்டு இயந்திரத்துக்கும் ஒரு தொழில்நுட்பருக்கும் வரிசையில் நின்றால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பட்டப் படிப்புக்கான களமுகாம்கள் பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரே முறை, நீண்ட விடுமுறையில் நடக்கும். காய்ச்சலில் படுத்துத் தவறவிட்டால் அடுத்த முகாம் அடுத்த ஆண்டு. ஆகவே பல்கலைக்கழகத்தைப் பார்வையிடும் திறந்தநாளில் கேட்க வேண்டியவை: மொத்தம் எத்தனை களநாட்கள், பஸ்ஸும் தங்குமிடமும் யார் செலவு, தவறவிட்டவருக்கு மாற்று ஏற்பாடு உண்டா, ஒரு மாணவருக்கு எத்தனை சீவல், சென்ற ஆண்டு வகுப்பில் எத்தனை பேர் குறித்த செமஸ்டரில் முடித்தார்கள். கடைசிக் கேள்விக்கு நேரடிப் பதில் வராவிட்டால் அதுவும் ஒரு பதில்தான்.

விழுக்காட்டைப் பிரித்துப் பார்ப்பது

உயர்கல்வி அமைச்சு ஒவ்வோர் ஆண்டும் பட்டமளிப்பு வாக்கில் பட்டதாரிகளிடம் கருத்தாய்வு நடத்துகிறது. பல்கலைக்கழகங்கள் விளம்பரப்படுத்தும் "கெபோலேபசாரான்" (வேலைவாய்ப்புத் தகுதி) விழுக்காடு இதிலிருந்து வருவது. வேலையில் இருப்பவர்களோடு, மேற்படிப்புக்குப் போனவர், திறன் பயிற்சியில் இருப்பவர், வேலைக்கான அழைப்பு கிடைத்துச் சேரக் காத்திருப்பவர் எல்லாரையும் அதில் சேர்த்துத்தான் எண்ணுகிறார்கள்.

கணக்குக்காக 40 பேர் கொண்ட ஒரு நிலவியல் வகுப்பை எடுத்துக்கொள்வோம். 22 பேர் வேலையில், 6 பேர் முதுகலையில், 2 பேர் பயிற்சியில், 3 பேர் சேரக் காத்திருப்பு, 7 பேர் வேலை தேடுகிறார்கள். விளம்பரத்தில் வரும் எண் 40இல் 33, அதாவது 82.5 விழுக்காடு. வேலையில் இருப்பவர் மட்டும் என்றால் 55. அந்த 22 பேரில் பாதிப் பேர் வங்கியிலும் கிராப் வண்டி ஓட்டுவதிலும் இருந்தால், நிலவியல் வேலையில் இருப்பவர் 27.5 விழுக்காடு. ஒரே வகுப்பு, மூன்று எண். எதுவும் பொய்யில்லை. நாடு முழுவதும் பார்த்தாலே உயர்கல்வி பெற்றுவிட்டு அதற்குத் தேவையில்லாத வேலையில் இருப்பவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் என்கிறது புள்ளிவிவர இலாகா. நிலவியலில் வகுப்பு சிறியது என்பதால் இன்னொரு தொல்லையும் உண்டு: 20 பேர் வகுப்பில் ஒருவருக்கு வேலை கிடைத்தால் 5 விழுக்காடு ஏறிவிடும். ஓர் ஆண்டு எண்ணை வைத்து இரண்டு பல்கலைக்கழகங்களை ஒப்பிடுவது வீண். மூன்று, நான்கு ஆண்டுகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

எந்த ஆண்டு வெளியே வருகிறோம் என்பதும் பெரிய விஷயம். 2014 நடுவில் பீப்பாய் 100 டாலருக்கு மேல் விற்ற எண்ணெய், 2016 தொடக்கத்தில் 30 டாலருக்குக் கீழே விழுந்தது. எண்ணெய் வேலையை நம்பி 2012இல் சேர்ந்தவர்கள் சரியாக அந்த நேரத்தில் பட்டம் வாங்கினார்கள். அவர்கள் படித்த இடம் அவர்களைக் காப்பாற்றவில்லை.

மலைச்சரிவும் கையெழுத்தும்

எண்ணெயை விட்டால் நிலையான வேலை இன்று எங்கே இருக்கிறது? பினாங்குத் தீவிலும் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் மலைச்சரிவில். 1993இல் ஹைலேண்ட் டவர்ஸில் 48 உயிர்கள், 2017இல் பினாங்கின் தஞ்சோங் பூங்கா வட்டாரத்தில் 11 தொழிலாளர்கள், 2022 டிசம்பரில் பாத்தாங் காலியில் 31 பேர். 2024 ஆகஸ்டில் மஸ்ஜிட் இந்தியா நடைபாதையில் ஏற்பட்ட நில அமிழ்வுக்குப் பிறகு, காலடியில் என்ன இருக்கிறது என்ற கேள்வி கடைத்தெரு வரை வந்துவிட்டது. பினாங்கில் 76 மீட்டருக்கு, அதாவது 250 அடிக்கு மேற்பட்ட நிலமோ, 25 பாகைக்கு மேல் சாய்ந்த நிலமோ மலைநிலமாகக் கொள்ளப்படுகிறது. அங்கே கட்டுமானம் என்றால் நிலவியல் அறிக்கை இல்லாமல் கோப்பு நகராது.

புதிய பட்டதாரிக்கு இங்கே கிடைக்கும் முதல் வேலை, வெயிலில் உட்கார்ந்து துளைக்கல் பெட்டியைப் படிப்பது. நிலத்தைத் துளைத்து எடுத்த உருளைக் கற்களைப் பெட்டியில் வரிசையாக அடுக்கியிருப்பார்கள். ஒரு தடவையில் 150 சென்டிமீட்டர் துளைத்து, கிடைத்த துண்டுகள் 34, 27, 15, 11, 8, 6 சென்டிமீட்டர் என்று வைப்போம். பத்தும் அதற்கு மேலும் உள்ளவற்றை மட்டும் கூட்டினால் 87. 150ஆல் வகுத்தால் 58 விழுக்காடு. இதுதான் பாறைத் தரக் குறியீடு. 50க்கு மேல் என்பதால் நடுத்தரம். இப்போது அந்த 15 சென்டிமீட்டர் துண்டு, குழாயிலிருந்து தட்டி எடுக்கும்போது 8, 7 என்று உடைந்திருந்தால்? கண்ணை மூடிக்கொண்டு அளப்பவர் இரண்டையும் ஒதுக்கிவிடுவார். கூட்டல் 72, விடை 48, தரம் "மோசம்". கவனித்துப் பார்ப்பவர் உடைந்த முகத்தைத் திருப்புவார். புதிதாக, கறையில்லாமல், சொரசொரப்பாக இருந்தால் அது துளைப்பவர் உடைத்தது, ஒட்டிச் சேர்த்து அளக்க வேண்டும். துருக்கறையோ களிமண்ணோ படிந்திருந்தால்தான் பாறையின் சொந்த வெடிப்பு.

பினாங்குக் கருங்கல்லில் இன்னொரு பொறி உண்டு. கருங்கல் மண்ணாகும்போது நடுநடுவே வீடளவு உருண்டைகள் மக்காமல் மிஞ்சும். நிலம் எவ்வளவு உறுதி என்று சோதிக்க, 63.5 கிலோ எடையை 760 மில்லிமீட்டர் உயரத்திலிருந்து விழவைத்து ஒரு குழாயை உள்ளே அடிக்கிறார்கள். 50 முறை அடித்தும் குழாய் இறங்கவில்லை. ஒன்றரை மீட்டர் துளைத்தால் அழகான கருங்கல். "அடிப்பாறை" என்று எழுதி மூடிவிட்டால், அதற்குக் கீழே மறுபடியும் பத்து மீட்டர் மண் இருப்பது தூண் இறக்கும்போதுதான் தெரியும். பக்கத்து ஓடையில் அந்த உருண்டைகளைப் பார்த்துப் பழகியவர் இன்னும் சில மீட்டர் துளைக்கச் சொல்வார். களநாட்கள் குறைந்த படிப்பின் விலை இப்படி வேறொருவர் தலையில் போய் விழும்.

அறிக்கையில் கையெழுத்துப் போடும் உரிமை சட்டத்தோடு வருவது. 2008ஆம் ஆண்டு நிலவியலாளர் சட்டம், 689ஆவது சட்டம், பதிவு பெறாதவர் நிலவியலாளராகத் தொழில் செய்வதைத் தடுக்கிறது. நிலவியலாளர் வாரியம் ஏற்றுக்கொண்ட பட்டத்தோடு முதலில் பதிவு, பிறகு மேற்பார்வையில் சில ஆண்டு அனுபவம், அதன் பிறகுதான் தொழில்முறைத் தகுதி. அப்போதும் சரிவைத் தாங்கும் சுவரை வடிவமைத்துக் கையெழுத்துப் போடுவது பொறியியலாளர்தான். ஆலோசனை நிறுவனங்களில் நிலவியலாளரின் சம்பள ஏணி ஓர் இடத்தில் குட்டையாவதற்கு இது ஒரு காரணம், இதைத் தெரிந்தே சேர வேண்டும். அரசாங்கத்தில் வேலை என்றால் கனிம, புவி அறிவியல் இலாகா. அங்கே இடங்கள் குறைவு, காத்திருப்பு நீளம்.

வாரியத்தின் விஷயத்தில் கடைசி நேரத்தில் மாட்டிக்கொள்கிறவர்கள் அதிகமும் பட்டத்தின் பெயர் மாறியவர்கள். பல்கலைக்கழகங்கள் சில ஆண்டுக்கு ஒருமுறை படிப்பைச் சீரமைக்கின்றன. "நிலவியல்" "புவி அறிவியல்" ஆகும், "பயன்முறை" என்ற சொல் சேரும் அல்லது கழன்றுவிடும். மூத்த மாணவர் எளிதாகப் பதிவு பெற்றார் என்பது அவருடைய பட்டத்துக்கான பேச்சு. யூபியூவில் வரிசைப்படுத்தும் முன், சலுகைக் கடிதத்தில் வரப்போகும் பெயரை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டு, இது பதிவுக்கு ஏற்கப்படுகிறதா என்று வாரியத்துக்கே மின்னஞ்சல் அனுப்பி, வரும் பதிலை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.